பழைய கணனி ஏன் இழுக்கிறது?



சில மாதங்களாக லயத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே கேள்வியை வேறு வேறு வாயால் கேட்டு வருகிறோம். “வெல்பெயர் ஐயா, பிள்ளையோட கம்பியூட்டர் இழுக்குது. புதுசு வாங்கலாமா? லோன் ஏதும் எடுக்க ஏலுமா?” கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பியது, வாசிகசாலைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்தது, பாவித்ததாகப் பார்த்து வாங்கியது என்று இப்போது நம் தோட்டங்களில் மேசைக் கணனிகள் கொஞ்சம் இருக்கின்றன. அநேகமானவை பத்து வயதைத் தாண்டியவை. லோன் எடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறோம். நாங்கள் இதைப் படித்த இடம் தோட்டமல்ல, திருகோணமலை.

1977-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பெரியம்மா குடும்பமும் அப்படிப் போனதுதான். துறைமுகத்தை அண்டிய ஒரு குடியிருப்பில் இருக்கிறார்கள். பெரியம்மாவின் மூத்த மகன் துறைமுகத்தில் மூட்டை இறக்கி ஏற்றியவர். இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அந்தப் பகுதி மரண உதவிச் சங்கத்துக்குப் பொருளாளராகவும் இருந்தவர். 2015-இல் பாவித்த கணனி ஒன்றை வாங்கி, சங்கக் கணக்கை எல்லாம் அதிலேதான் எழுதினார். வீட்டுப் படங்களும் அதிலேதான். சென்ற பாடசாலை விடுமுறையில் நாங்கள் போனபோது அண்ணி அந்தக் கணனியைக் காட்டி, “சுவிட்சைப் போட்டுட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு, கோப்பையும் கழுவி வெச்சிருவேன் தம்பி. அதுக்குப் பொறகுதான் இது முழிக்கும்” என்றார்.

மகள் உயர்தரம் எழுதப் போகிறாள். நகரத்துக் கடை ஒன்றில் கேட்டார்களாம். “இது முடிஞ்ச சாமான், புதுசு எடுங்க, ஒரு இலட்சத்து நாற்பதாயிரம்” என்று சொல்லிவிட்டார்கள். 2024-இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பார்த்தால் 140,000 ரூபா என்பது நூறு நாளைக்கு மேல் பேர் போட வேண்டிய பணம். அண்ணி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். அடுத்த நாள் அடகுக் கடைக்குப் போவதாக இருந்தது.

அன்று பின்னேரம் மகள் ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணனி படித்து முடித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கிறவர். நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எங்களுக்கும் சந்தோஷம். அவர் திருப்புளியைக் கையில் வைத்திருந்தாலும் அதை உடனே பெட்டியில் வைக்கவில்லை. “அம்மா, இதுக்குள்ள தொலையக் கூடாத சாமான் என்னென்ன இருக்கு?” என்று கேட்டார். சங்கக் கணக்கு, அண்ணனின் படங்கள், மகளின் பாடக் குறிப்புகள். “அதுகளை வெளிய எடுத்துட்டுத்தான் மத்த வேலை” என்றார். வெளியில் மாட்டும் ஒரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. எடுத்த பிறகு சங்கக் கணக்கை மட்டும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு பிரதி போட்டார்.

இதைப் பார்த்தபோது எங்களுக்கு உள்ளூரக் குத்தியது. பல வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்து வாசிகசாலைக் கணனி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் ஃபோர்மட் பண்ணித் தந்தார்கள். கணனி வேகமாகத்தான் வந்தது. ஆனால் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளின் நிறை, உயரம் எழுதியிருந்த ஆறு வருடப் பதிவு அதோடு போய்விட்டது. ஃபோர்மட் என்றால் கரும்பலகையைத் துடைப்பது மாதிரி என்று எங்களுக்கு அப்போது தெரியாது. பிரதி எடுங்கள் என்று நாங்கள் சொல்லவுமில்லை. ஆகவே கணனியைத் திருத்தக் கொடுக்கும் யாராக இருந்தாலும், வேறெதைச் செய்யாவிட்டாலும் இந்த முதல் வேலையைச் செய்து கொள்ளுங்கள். அதுவும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து “டக், டக்” என்று சத்தம் வரத் தொடங்கியிருந்தால் நாளைக்கு என்று வைக்க வேண்டாம். அது சாகப் போகிற டிஸ்க்கின் சத்தம்.

அடுத்ததாக, எந்தப் பாகம் இழுக்கிறது என்று பார்த்தார். விண்டோஸ் உள்ள கணனியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்று ஒரு சாளரம் வரும். விண்டோஸ் 10-இல் அது சிறியதாக வந்தால் கீழே உள்ள ‘மோர் டீட்டெயில்ஸ்’ என்பதை அழுத்த வேண்டும். அதிலே புரோசசர், மெமரி, டிஸ்க் என்று மூன்று நிரல்கள் வீதக் கணக்கோடு தெரியும். அண்ணி வீட்டுக் கணனியில் புரோசசர் 14 வீதம்தான் வேலை செய்து கொண்டிருந்தது. மெமரி 92 வீதம். டிஸ்க் 100 வீதம்.

இதற்கு என்ன அர்த்தம் என்பதை எங்கள் பாஷையில் சொல்கிறோம். புரோசசர் என்பது கொழுந்து பறிக்கிற கை. மெமரி, அதாவது ரேம் என்பது முதுகில் கிடக்கிற கூடை. ஹார்ட் டிஸ்க் என்பது கொழுந்து மடுவம். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் கூடை சின்னதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதும் மடுவத்துக்கு நடக்க வேண்டும், கொட்ட வேண்டும், திரும்ப மலைக்கு ஏற வேண்டும். அந்த நேரம் முழுக்கக் கை சும்மா இருக்கும். கணனியும் அப்படித்தான். ரேமில் இடம் போதாவிட்டால் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டு போய் வைக்கும், தேவைப்படும்போது போய் எடுத்து வரும். ஹார்ட் டிஸ்க் என்பது சுழலுகிற தட்டு. மேசைக் கணனிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும். அதன் மேலே ஒரு ஊசிக் கை அங்கும் இங்கும் போய்த் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலும் ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். கேட்கும்போது சின்னதாகத்தான் தெரியும். ஆனால் கணனி முழிக்கும்போது ஆயிரக்கணக்கான தடவை அப்படித் தேட வேண்டும்.

ஆகவே பெரும்பாலான பழைய கணனிகளில் கைக்குக் குறையில்லை. கூடை சின்னது, மடுவம் தூரம். புதுக் கணனி வாங்கச் சொல்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மின்வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தைப் போக்கிய பிறகுதான் தம்பி மூடியை எடுத்தார். ரேம் கம்பியின் பித்தளை நிற விளிம்பு கறுத்துப் போயிருந்தது. திருகாணிகளில் துரு. “கடல் காத்து ஐயா. இங்க எல்லாத்தையும் உப்பு தின்னும்” என்றார். உண்மைதான். சீனக்குடாப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் 99 என்று சொல்வார்கள். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி யப்பான்காரன் குண்டு போட்டபோது தப்பியவை. அவற்றில் பராமரித்து வந்த சில தாங்கிகளில் இன்றைக்கும் எண்ணெய் நிரப்புகிறார்கள். விட்டுவிட்டவை காட்டுக்குள் துருவேறி நிற்கின்றன. ஒரே காலத்தில், ஒரே இரும்பில் கட்டியதுதான் இரண்டும்.

ரேமைக் கழற்றி, பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த விளிம்பை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துப் போட்டார். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். மின்விசிறியைச் சுத்தம் பண்ணும்போது அதன் இதழை ஒரு விரலால் பிடித்துக் கொண்டார். வேகமாக ஊதிச் சுழல விட்டால் அது பழுதாகும். புரோசசருக்கு மேலிருந்த பசை காய்ந்து பொடியாகியிருந்தது. அந்தப் பசைதான் சூட்டை வெளியே கடத்துவது. அது காய்ந்தால் புரோசசர் கொதிக்கும். கொதித்தால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மத்தியானம் மட்டும் கணனி இழுக்கிறது, காலையில் பரவாயில்லை என்றால் இதைச் சந்தேகிக்கலாம். புதுப் பசை ஒரு சின்னக் குழாய் வாங்கினால் பல கணனிகளுக்குப் போதும். ஆனால் பழக்கமில்லாதவர்கள் புரோசசரைக் கழற்ற வேண்டாம். தூசி தட்டுவதோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

நமக்குக் கடல் காற்று இல்லை. ஆனால் ஸ்டோருக்குக் கிட்டிய லயங்களில் தேயிலைத் தூசி பஞ்சு மாதிரி படிகிறது. மேலே மலைப்பக்கம் பனியும் ஈரமும். கணனியைத் தரையில் வைப்பது, அடுப்புப் புகை வரும் பக்கம் வைப்பது, சாமித் துணி மாதிரி ஒரு துணியைப் போர்த்திவிட்டு அப்படியே சுவிட்சைப் போடுவது, இந்த மூன்றும் வேண்டாம். போர்த்துவதென்றால் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு போர்த்துங்கள்.

பணம் செலவில்லாத வேலைகளை அடுத்துச் செய்தார். கணனி முழிக்கும்போதே தானாக எழும்பும் புரோகிராம்கள் பதினொன்று இருந்தன. டாஸ்க் மனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதிக்குப் போய், வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். அதனால் அந்தப் புரோகிராம் அழியாது, கூப்பிட்டால்தான் வரும். வைரஸ் தடுப்பு இரண்டு போட்டிருந்தார்கள். இரண்டு காவல்காரன் ஒருவரை ஒருவர் சோதித்துக் கொண்டு நிற்பது போல அது. ஒன்றை எடுத்துவிட்டார். டிஸ்க்கில் இடம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். ‘டிஸ்க் கிளீனப்’ என்று விண்டோஸிலேயே இருக்கிறது, அது போதும். ‘ஒரே கிளிக்கில் பத்து மடங்கு வேகம்’ என்று இன்டர்நெட்டில் வருகிற புரோகிராம்களை நம்ப வேண்டாம். கணனியை இழுக்க வைப்பதே பல வீடுகளில் அவைதான்.

இதெல்லாம் செய்த பிறகு ஆறு நிமிடம் நான்கரை நிமிடமாகியது. அண்ணி முகத்தில் பெரிய மாற்றமில்லை. “இவ்வளவுதானா தம்பி?” என்றார்.

மிச்சத்துக்குச் சாமான் வேண்டும். அந்தக் கணனியில் 2 ஜீ.பி. ரேம் இருந்தது. ரேமில் டீ.டீ.ஆர். 2, 3, 4 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் வெட்டு மற்றதோடு பொருந்தாது. ஆகவே கடைக்குப் போகும்போது பழைய கம்பியையே கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு போங்கள். “இதே மாதிரி, பெருசு” என்று கேட்டால் போதும், ஏமாற மாட்டீர்கள். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் சாதாரணமாக 4 ஜீ.பி.க்கு மேல் பூட்டியும் பயனில்லை, அதற்கு 64 பிட் வேண்டும்.

இரண்டாவது சாமான் எஸ்.எஸ்.டீ. இதுதான் பெரிய மாற்றம். ஹார்ட் டிஸ்க் செய்கிற வேலையையே செய்யும். ஆனால் உள்ளே சுற்றுகிற தட்டோ ஊசியோ கிடையாது. ஒரு பொருளைத் தேடிப் பிடிப்பதில் ஹார்ட் டிஸ்க்கை விடச் சுமார் நூறு மடங்கு விரைவு. மடுவத்தைத் தூக்கிக் கொண்டு வந்து நிரைக்குப் பக்கத்திலேயே வைத்தது போல. பழைய கணனியில் மெல்லிய சாட்டா வயர் இருந்தால் பூட்டலாம். அகலமான நாடா மாதிரி வயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது மிகப் பழையது, அதற்குச் செலவழிக்க வேண்டாம். டிஸ்க் பெரிதாக வாங்கத் தேவையில்லை. விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்.எஸ்.டீ.யில் இருக்கட்டும், படங்கள் நல்ல நிலையிலுள்ள பழைய டிஸ்க்கில் இருக்கலாம். ‘டீஃபிராக்’ என்ற ஒழுங்குபடுத்தும் வேலையை எஸ்.எஸ்.டீ.க்குச் செய்யக் கூடாது, அது தேய்மானம்தான்.

4 ஜீ.பி. ரேம் கம்பி பாவித்தது ஒன்றும், புது எஸ்.எஸ்.டீ. ஒன்றும் அண்ணிக்கு முடிந்தது பதினைந்து நாள் சம்பளத்துக்குள். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகையை எழுதவில்லை. இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பாருங்கள், ரசீதும் உத்தரவாதமும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த நாள் ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கணனியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசொஃப்ட் வழமையாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் புதிய தலைமுறைப் புரோசசரையும் கேட்கும். பத்து வயதுக் கணனிகளில் அநேகமாக அது கிடையாது. தந்திரம் பண்ணிப் போட்டுத் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். தம்பி லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். அதிலே எக்ஸ்.எஃப்.சீ.ஈ. என்ற பாரமில்லாத பதிப்பு பழைய கணனிக்குத் தோதானது. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒஃபிஸ் அதோடேயே வருகிறது.

கணனி முழிக்க எடுத்த நேரம் அரை நிமிடம். மகள் கை தட்டினாள். அண்ணி, “எங்க, சங்கக் கணக்கைத் தொற பாப்போம்” என்றார். திறந்தால் தமிழையே காணோம். ‘சங்கம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளாக ஆர், கியூ, ஒரு அரைப்புள்ளி, எஃப், கே, மறுபடி ஒரு அரைப்புள்ளி. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அவர் எழுதினது எல்லாம் போயிட்டா?”

போகவில்லை. அண்ணன் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். நம் நாட்டில் பழைய தமிழ்க் கோப்புகள் பல பாமினியில்தான் இருக்கின்றன. பாமினியில் அடித்தால் கணனி உள்ளே வைத்துக் கொள்வது ஆங்கில எழுத்தைத்தான். அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுவது அந்த எழுத்துரு. சட்டை புதுக் கணனியில் இல்லை, அவ்வளவுதான். முதல் நாள் எடுத்த பிரதியில் பழைய விண்டோஸின் ‘ஃபொன்ட்ஸ்’ பெட்டியையும் தம்பி சேர்த்து எடுத்திருந்தார். அதிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டதும் ஒவ்வொரு வரியாகத் தமிழ் திரும்பி வந்தது. யார் வீட்டுச் சாவுக்கு எவ்வளவு கொடுத்தது, யார் மாதச் சந்தா பாக்கி, எல்லாம். இனிமேல் அடிப்பதை யுனிகோட் தமிழில் அடிக்கும்படி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு எந்தக் கணனியிலும் இப்படிச் சட்டை தேட வேண்டியதில்லை. தோட்டக் கோயில், சங்கம், வாசிகசாலைக் கணக்குகளைப் பாமினியில் வைத்திருக்கிறவர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள். பிரதி எடுக்கும்போது எழுத்துருவையும் எடுக்க வேண்டும்.

எல்லாக் கணனியையும் திருத்தலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மதர்போர்டில் சின்ன உருளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, பிசின் வடிந்திருந்தால், அல்லது பவர் சப்ளையில் கருகிய மணம் வந்தால், அதற்கு ரேமும் எஸ்.எஸ்.டீ.யும் வாங்கிப் போடுவது வீண். டீ.டீ.ஆர். 2 காலத்துக் கணனிக்கும் காசு போடாதீர்கள். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்து, பாவித்ததில் அடுத்த தலைமுறை ஒன்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை போடும்போதும் திகதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால் மட்டும் பயப்பட வேண்டாம். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி மாதிரி இருக்கும் சீ.ஆர். 2032 பட்டரி முடிந்துவிட்டது. மாற்றினால் சரி. நேரம் பிழையாக இருந்தால் பல இணையத்தளங்கள் திறக்காது. “இன்டர்நெட் வேலை செய்யல” என்று எங்களிடம் வந்த ஒரு பிள்ளைக்குக் கோளாறு அதுவாகத்தான் இருந்தது. கழற்றிய பட்டரியைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்க வேண்டாம். விழுங்கினால் உயிராபத்து.

மின்னல் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச், ஏப்ரல் பின்னேரங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கூடுதல். சுவிட்சை நிறுத்தினால் போதாது. செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், ரவுட்டர் வயர் இருந்தால் அதையும். ஆனால் மின்னல் வெட்டிக் கொண்டிருக்கும்போது போய்க் கழற்றாதீர்கள், வானம் இருட்டும்போதே கழற்றிவிடுங்கள். கரண்ட் கூடிக் குறையும் லயங்களில் ஒரு சின்ன யூ.பி.எஸ். இருந்தால் ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள் கூடும்.

நாங்கள் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட காலை, சங்கத்துப் புதுப் பொருளாளர் வந்திருந்தார். மகள் 2015-இலிருந்து உள்ள கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அண்ணி தோட்டைத் திரும்பப் போட்டிருந்தார்.